எழுத்துக்கு ஒரே கறுப்பு: டிஜிட்டல் பிரஸ் கேள்வி-பதில்

கே: மொபைலில் பளிச்சென்று இருந்த கிளிப்பச்சை, அச்சில் பாசிப்பச்சை ஆகிவிட்டதே? (ஈரோடு)

திரையின் சிவப்பு-பச்சை-நீல ஒளிக் கலவையான ஆர்ஜிபி-யில் இருக்கும் அந்தப் பச்சை, மெஷினின் நாலு டோனர் பொடியில் கிடையாது. அந்த நாலு கலரான சிஎம்ஒய்கே-வுக்கு (சி சியான் நீலம், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கறுப்பு) மாற்றிப் பார்த்துவிட்டுக் கலரை முடிவு செய்யுங்கள். ஒரு ஷீட் ப்ரூஃப் (மாதிரி அச்சு) காட்டிக் கையெழுத்து வாங்காமல் 500 ஓட்டாதீர்கள்.

கே: தங்கக் கலர் வர எத்தனை சதவீதம் போடணும்?

எத்தனை போட்டாலும் கடுகு மஞ்சள்தான். மின்ன வேண்டுமென்றால் ஃபாயில், அதாவது மேலே ஒட்டும் பளபளப்புத் தாள்.

கே: ஃபைல் கொடுத்தேன், பிரிண்ட் சரியில்லை. ஏன்?

என்ன பேப்பர், என்ன சாஃப்ட்வேர், எது சரியில்லை? ஒன்றையாவது எழுதியிருக்கலாம். எனக்கு ஜோசியம் தெரியாது.

கே: கல்யாணப் பத்திரிகையில் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரிகிறது. மெஷின் கோளாறா? (விருதுநகர்)

மெஷினைத் திட்டாதீர்கள். எழுத்து நாலு கலரில் இருக்கிறது, அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போட்டோஷாப்பில் ஆர்ஜிபி கறுப்பை அமெரிக்க அச்சுத் தரமான ஸ்வாப் ப்ரொஃபைலில் மாற்றினால் சி 75, எம் 68, ஒய் 67, கே 90 என்று வந்து நிற்கும். கூட்டினால் 300. எட்டு பாயின்ட் எழுத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நாலு முறை அடிக்கச் சொல்கிறீர்கள். மயிரிழை நகர்ந்தாலும் 'ண', 'ஞ' சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். அடர் கலரில் வெள்ளை எழுத்து விட்டால் இன்னும் மோசம், முதலில் போவது புள்ளி. ஒரு பத்திரிகையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: 'தஙகள நலவரவை' என்று இருந்தது. யாருடைய வரவோ! எழுத்துக்கு கே 100 மட்டும், ஓவர்பிரிண்ட் (அடியில் இருக்கும் கலரை வெட்டாமல் அதன் மேலேயே அடிப்பது) போட்டு. கோரல்டிரா சாஃப்ட்வேரில் ரெஜிஸ்ட்ரேஷன் கலரும் (நாலு கலரும் 100) கறுப்பாகத்தான் தெரியும், அதைத் தொடாதீர்கள். பெரிய கறுப்புப் பரப்பென்றால் கே-யுடன் சி 40 சேர்க்கலாம். வெள்ளை எழுத்து பத்து பாயின்டுக்குக் குறையாமல், போல்டில், இரண்டு கலருக்கு மேல் போகாத பின்னணியில் இருக்கட்டும்.

கே: கார்டை மடித்தால் மடிப்பில் கலர் உதிர்கிறது.

டோனர் காகிதத்தில் ஊறாது. மேலே உருகி ஒட்டியிருக்கும். காகிதக் கனம் 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம்) தாண்டினால் க்ரீஸிங் (மடிப்புக் கோட்டை அழுத்துவது) போட்டுத்தான் மடிக்க வேண்டும், அதுவும் நார் ஓடும் திசையில். மடிப்பு விழுகிற இடத்தில் அடர் கலர் எதற்கு?

கே: ஓர பார்டர் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து வருகிறது.

கட்டிங்கில் 1 மில்லிமீட்டர் நகரத்தான் செய்யும். பார்டரை 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். இல்லை, எடுத்தே விடுங்கள். வெட்டுக்கோட்டுக்கு வெளியே கலரை நீட்டிவிடும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் தனி, அதை மறக்காதீர்கள்.

கே: வாட்ஸ்அப்பில் வந்த மாப்பிள்ளை படம் 12×18 அங்குலத்துக்குப் போதுமா?

போதாது. சாதாரணத் தரத்தில் சுருங்கி வந்த படத்தின் நீளம் சுமார் 1,600 பிக்சல். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஐந்து அங்குலம்தான். டாகுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் ஒரு ஷீட் ப்ரூஃப்!