ஆஸ்திரேலியக் கிராமங்களில் அவர்களுக்கென்று பாட்டு, ஆட்டம் ஏதாவது உண்டா?

உண்டு. "பழங்குடிகளை விட்டால் அங்கே என்ன பண்பாடு இருக்கிறது" என்று கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் வரி என்னைச் சுட்டது, அதனால்தான் எழுதுகிறேன். ரீஜனல் விசாவில், அதாவது பெருநகரங்களுக்கு வெளியே குடியிருக்கவேண்டும் என்ற விசாவில், போகப் போகிறவர் போலத் தெரிகிறது. நானும் அப்படி வந்தவள்தான். விக்டோரியாவின் வடகிழக்கு மூலையில், மலையடிவார ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை.

எங்கள் இல்லத்தில் பேச்சே நின்றுபோன ஒரு பாட்டி இருந்தார். ஒருநாள் யாரோ பட்டன் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியத்தை வாசித்தபோது போர்வைக்குள் அவர் கால்விரல்கள் தாளம் போட்டன. அந்தப் பாட்டியின் மகள்தான் சனிக்கிழமை ஊர் ஹாலில் நடக்கும் ஆட்டத்துக்கு வரச் சொன்னார். ஆளுக்கொரு தட்டு பலகாரம், நான் மசால்வடை கொண்டுபோனேன். தகரக்கூரை, மரத்தரை. தரையில் மெழுகுவர்த்தியைச் சீவிப் போட்டு, ஒரு வாண்டைச் சாக்கில் உட்காரவைத்து இரண்டு பிள்ளைகள் இழுத்தோட, கால் மணி நேரத்தில் தரை வழவழவென்று ஆகிவிட்டது. முதலில் ப்ரைட் ஆஃப் எரின் என்ற ஜோடி ஆட்டம், ஒன்று-இரண்டு-மூன்று என்று போகும் வால்ட்ஸ் தாளம். நகரத்தில் நடக்கும் புஷ் டான்ஸ் என்கிற நாட்டுப்புற ஆட்டத்தில் ஒருவர் மைக்கில் அடிக்கு அடி சொல்லிக்கொண்டிருப்பார். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை, அம்மாவைப் பார்த்துப் பழகிய கால்கள். அப்புறம் பார்ன் டான்ஸ், அதில் சுற்றுக்குச் சுற்று ஜோடி மாறும். மரப்பட்டை மாதிரிக் கை உள்ள ஒரு மாட்டுப்பண்ணைப் பெரியவர் "இடது" என்று மட்டும் சொல்லி என்னை அடுத்தவரிடம் விட்டார். அன்றிரவு ஸ்கூல் பஸ் டிரைவர் முதல் கசாப்புக்கடைக்காரர் வரை எல்லார் கையையும் பிடித்துவிட்டேன். திங்கட்கிழமை கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

இதே வடகிழக்கு விக்டோரியாவில், கொரியாங் என்ற ஊர்ப் பக்கம் நரியல் க்ரீக் என்ற ஓடைப் பகுதியில் கான் கிளிப்பெல் என்பவரின் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து இந்தப் பழைய ஆட்ட இசையைக் காப்பாற்றினார்கள். 1960களில் தொடங்கிய நாட்டார் விழா புத்தாண்டையொட்டி அந்த ஓடைக்கரையில்தான் நடக்கும்.

"எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே" என்று யாராவது வருவார்கள். ஆமாம், ஷாட்டிஷ், மசுர்க்கா, வர்சோவியானா என்ற ஆட்டங்கள் எல்லாம் கப்பலில் வந்தவைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டே கைமாறி, ஊருக்கு ஊர் மெட்டு வேறாகிவிட்டது. பழங்குடி மக்களின் பாட்டு பல்லாயிரம் வருடப் பழமை கொண்டது, அதற்கு இது ஈடு என்று நான் சொல்லவே இல்லை.

எனக்கு ஆத்திரம் வருவது மெல்பேர்ன் சொந்தக்காரர்கள் மேல். "இன்னும் அந்தக் காட்டிலேயா கிடக்கிறாய்" என்பார்கள், ஆனால் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். பல் வலி வந்தால் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போகவேண்டும், அதற்கும் மாதக்கணக்கில் காத்திருப்பு, வரி மட்டும் நகரத்துக்காரர்கள் கட்டுகிற அதே வரி.

சரி, போனதும் தபால் நிலைய வாசல் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், ஹாலில் ஆட்டம் என்று இருந்தால் கூச்சப்படாமல் போங்கள். தோல் அடி வைத்த ஷூ போடுங்கள், ரப்பர் அடி மெழுகுத் தரையில் பிடித்துக்கொள்ளும், சுற்றவே முடியாது.