மின்சாரத்தைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை எத்திலீனாக (பிளாஸ்டிக்கின் மூலப்பொருள்) மாற்ற செம்பு மின்முனையே போதாதா? உலோகக்கலவை எதற்கு?

செம்பு இல்லாமல் முடியாது. ஆனால் செம்பு மட்டும் போதாது.

வெள்ளியும் தங்கமும் கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிடும். வெள்ளீயம், பிஸ்மத்தில் பார்மேட் (பார்மிக் அமிலத்தின் உப்பு) கிடைக்கும். பிளாட்டினம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைத்தான் கிளப்பும். செம்பு மட்டுமே மீத்தேன், எத்திலீன், எத்தனால் வரை போகும் என்பதை 1980-களில் ஜப்பானின் யோஷியோ ஹோரி குழு காட்டியது. சிக்கல், அது எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறது. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு குழு செம்புத் தகட்டிலிருந்து 16 விளைபொருட்களைக் கண்டறிந்தது. அந்தக் கலவையைப் பிரிப்பதற்கே ஏகப்பட்ட ஆற்றல் செலவாகும்.

வழியில் உருவாகும் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்பதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். தங்கத்தில் அது ஒட்டாமல் கிளம்பிவிடும், பிளாட்டினத்தில் ஒட்டினால் இடத்தை விடாது, செம்பு நடுத்தரம். ஒட்டும் பலத்தை மாற்றினால் அடுத்தடுத்த இடைநிலைகளின் (வினையின் நடுவே தோன்றும் மூலக்கூறுகள்) பலமும் கூடவே மாறிவிடுவதால், ஒரே உலோகத்தில் ஒரு படியை மட்டும் தனியாகத் திருத்துவது கடினம். பக்கத்தில் வேறொரு அணு வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது செம்பு-வெள்ளி. சாதாரண வெப்பநிலையில் இவை ஒன்றுக்குள் ஒன்று கரைவதே இல்லை, தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்துகொள்ளும். இங்கே அதுதான் வசதி. வெள்ளித் திட்டில் உருவாகும் கார்பன் மோனாக்சைடு பக்கத்துச் செம்புக்குப் போய் அங்கே நெருக்கமாகச் சேர்வதால், இரண்டு கார்பன்கள் இணைய வாய்ப்பு கூடுகிறது. திட்டுகள் தள்ளியிருந்தால் அது வாயுவாக வெளியேறிவிடும். ஆகவே ஆய்வுக் கட்டுரைகளில் ‘இத்தனை சதவீதம் வெள்ளி’ என்று பார்த்து அப்படியே நம்பிவிடாதீர்கள். அணுக்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

2020-இல் செம்பு-அலுமினியத்தில் மின்னோட்டத்தின் சுமார் 80% எத்திலீனுக்கே போனதாக வந்த முடிவு அருமையானது. ஆனாலும் நான் முதலில் தேடுவது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத்தான். வாயு விரவல் மின்முனையை (துளைகள் வழியே வாயு உள்ளே வரும் மின்முனை) கழற்றினால் பின்பக்கம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்: பொட்டாசியம் பைகார்பனேட். அது துளைகளை அடைக்க, நீர் உள்ளே ஏற, குரோமட்டோகிராமில் (வாயுக்களைத் தனித்தனி முகடுகளாகக் காட்டும் வரைபடம்) எத்திலீன் முகடு சுருங்கி ஹைட்ரஜன் முகடு எழும்பும். வினையூக்கி நன்றாகவே இருந்தாலும் இது நடக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் என்றால் செம்பு-வெள்ளியில் தொடங்குங்கள். மின்பகுளியில் (மின்முனை மூழ்கும் கரைசல்) இரும்பின் சுவடுகூட இல்லாமல் சுத்தப்படுத்துங்கள். இரும்பு செம்பின்மேல் படிந்தால் ஹைட்ரஜன்தான் மிஞ்சும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் மேற்பரப்பை எக்ஸ்பிஎஸ்-இல் (எக்ஸ் கதிரால் மேற்பரப்பின் தனிமங்களைக் கண்டறியும் முறை) கட்டாயம் பாருங்கள், வெள்ளி இடம் மாறியிருக்கலாம்.