1980 ஐஸ் ஹாக்கி: அமெரிக்காவுக்கு 5 புள்ளிகள் வந்தது எப்படி?

பதக்கச் சுற்றின் புள்ளி அட்டவணையில் அமெரிக்காவுக்கு 5 என்றிருப்பது பிழையில்லை. லேக் பிளாசிட்டில் நடந்த அந்தக் குளிர்கால ஒலிம்பிக்கின் பதக்கச் சுற்றில் அமெரிக்கா ஆடியவை இரண்டே ஆட்டங்கள்தான். வெற்றிக்கு 2 புள்ளி என்றால், இரண்டிலும் வென்றால் 4 புள்ளிதானே வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஐந்தாவது புள்ளி முதற்சுற்றிலிருந்து வந்தது.

ஒரே பிரிவிலிருந்து தேறிய இரு அணிகள் முதற்சுற்றில் தமக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவு அப்படியே பதக்கச் சுற்றுக்கும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே பிரிவிலிருந்த ஸ்வீடனுடனான தொடக்க ஆட்டத்தில், 27 விநாடிகளே மீதமிருந்தபோது பில் பேக்கர் அடித்த கோலால் அமெரிக்கா 2-2 எனச் சமன் செய்தது. அதற்குரிய ஒரு புள்ளியே நீங்கள் தேடுவது.

"இறுதி ஆட்டம்" என்று தேடியதால்தான் குழம்பியிருப்பீர்கள் என நினைக்கிறேன். அப்படியோர் ஆட்டமே அன்று கிடையாது. புள்ளிகளே தங்கத்தைத் தீர்மானித்தன. சோவியத் அணியை 4-3 என வென்ற பிறகும் தங்கம் உறுதியாகவில்லை; பின்லாந்தை 4-2 என வென்றபோதுதான் உறுதியானது.

அட்டவணையில் சோவியத் அணியின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள்: பின்லாந்துடன் முதற்சுற்றில் 4-2 வெற்றி, அமெரிக்காவிடம் தோல்வி, ஸ்வீடனுடன் 9-2 வெற்றி. மொத்தம் 4 வர வேண்டும்.

இக்கணக்கை இன்றைய ஐஸ் ஹாக்கி உலக சாம்பியன்ஷிப்புக்குப் பொருத்தாதீர்கள். அங்கே வழக்கமான நேரத்தில் வென்றால் 3, கூடுதல் நேரத்தில் வென்றால் 2, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1.