கல்லூரி ஃபுட்பால் அணியின் ஆஃபென்ஸ், டிஃபென்ஸ் இரண்டையும் எப்படி எடைபோடுவது?

ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (பந்தோடு முன்னேறுவது ஆஃபென்ஸ், தடுப்பது டிஃபென்ஸ்) அது போதவே போதாது. அயோவா பல்கலைக்கழக அணியைப் பாருங்கள்.

2022 செப்டம்பர் 3. சீசனின் முதல் ஆட்டத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை அயோவா 7-3 என்று ஜெயித்தது. 7 என்றதும் ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள், அதாவது மைதானத்தின் கடைசிப் பகுதிக்குள், கொண்டுபோனால் 6), கூடவே எக்ஸ்ட்ரா பாயின்ட் (அதற்குப் பிறகு உதைத்து எடுக்கும் 1) என்றுதானே தோன்றும்? டச்டவுனே கிடையாது. ஒரு ஃபீல்ட் கோலுக்கு (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 3, இரண்டு சேஃப்டிக்கு 4. பந்து வைத்திருக்கும் ஆளை அவருடைய சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கினால் அது சேஃப்டி. அதாவது டிஃபென்ஸ் சம்பாதித்த புள்ளி. அதையும் ஆஃபென்ஸ் கணக்கில் சேர்ப்பது, கிரிக்கெட்டில் எக்ஸ்ட்ரா ரன்களை பேட்ஸ்மேன் பெயரில் எழுதுகிற மாதிரி.

அடுத்த ஆண்டு இன்னும் வேடிக்கை. ஆஃபென்ஸைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளர் பிரையன் ஃபெரன்ட்ஸ் (தலைமைப் பயிற்சியாளரின் மகன், அது தனிக்கதை) ஒப்பந்தத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி என்று இலக்கே வைத்தார்கள். டிஃபென்ஸ் எடுக்கும் புள்ளியும் அதில் சேரும்! அப்படியும் கடைசியில் தேறியது 15.4தான். ஆஃபென்ஸ் முன்னேறிய மொத்த யார்டில் நாட்டிலேயே கடைசி இடம். அக்டோபரிலேயே, அடுத்த சீசனில் இவர் இருக்கமாட்டார் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஆனால் அந்த அணி 14 ஆட்டங்களில் 10 ஜெயித்தது. எதிரணிகளுக்குக் கொடுத்தது சராசரி 14.8தான். பயிற்சியாளர் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸ் அவ்வளவு கெட்டி, சந்தேகமில்லை. இருந்தாலும் முழுப் பெருமையையும் அவர்களுக்கே கொடுக்கமாட்டேன். பன்டர் (ஆஃபென்ஸ் முன்னேற முடியாதபோது பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுப்பவர்) டோரி டெய்லர் அந்த சீசனில் 93 முறை உதைத்து 4,479 யார்டு சேர்த்தார், கல்லூரி ஃபுட்பாலில் அதுவே சாதனை. அந்த உதையால் எதிரணி தன் எண்ட் ஸோனிலிருந்து வெறும் 10 யார்டு தள்ளியுள்ள கோட்டில் தொடங்கினால் புள்ளி எடுக்க 90 யார்டு நகர வேண்டும். டிஃபென்ஸின் வேலை அப்போதே பாதி குறைந்துவிடுகிறது.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஒரு டிரைவுக்கு (பந்து கைக்கு வந்ததிலிருந்து கைவிட்டுப் போகும்வரை) எத்தனை புள்ளி, அந்த டிரைவ் எந்த யார்டு கோட்டில் தொடங்கியது என்பதை. அப்புறம் ஒரு பிளேக்கு (முன்னேற எடுக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும்) எத்தனை யார்டு. வேகமாக ஆடும் அணி இரண்டு பக்கமும் டிரைவ்களைக் கூட்டிவிடும். அதனால் ஆட்டச் சராசரியில் அதன் டிஃபென்ஸ் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். 35 புள்ளி முன்னிலைக்குப் பிறகு ரிசர்வ் ஆட்டக்காரர்கள் ஆடுவதையும் கழித்துவிடுங்கள்.

எதிரணி யார் என்பதும் முக்கியம். அயோவா அந்த சீசனில் தோற்ற நான்கில் மூன்று: பென் ஸ்டேட்டிடம் 31-0, மிச்சிகனிடம் 26-0, டென்னசியிடம் 35-0. இந்த மூன்று பூஜ்யமும் 15.4 என்ற சராசரிக்குள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. ஈஎஸ்பிஎன் தளத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டிரைவ் வாரியான விவரம் இருக்கும், இந்த மூன்றையும் எடுத்துப் பாருங்கள்.