பீடத்தின் முன் மரியாதை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் தாயாருக்கு 78 வயது. பெருந்தொற்றுக் காலத்திலிருந்து எங்கள் பங்குக் கோவிலில், திருப்பலியில் வழங்கும் அப்பமாகிய நற்கருணையைக் கையில்தான் கொடுக்கிறார்கள். வலக்கையின்மேல் இடக்கையை வைத்து ஏந்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா மட்டும் எப்போதும் வலக்கையை மேலே வைத்தே நீட்டுவார். சென்ற மாதம் நற்கருணை வழங்கியவர், "கையை மாற்றிப் பிடியுங்கள்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அம்மா கையை மாற்றாமல் நாவை நீட்டினார். அதற்கும் மறுப்புத்தான். நற்கருணை வாங்காமலே இடத்துக்குத் திரும்பியவர், அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை. இதில் அவமரியாதை செய்தது யார்?
(வாசகி, தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: உங்கள் தாயார் அல்லர். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 2004-இல் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, நாவில் நற்கருணை வாங்குவது விசுவாசிகளுக்கு எப்போதும் உள்ள உரிமை. கையில் வழங்குவது, ஆயர் பேரவை கேட்டு உரோமை ஒப்புதல் அளித்த இடங்களுக்கான அனுமதி மட்டுமே. முழந்தாளிட்டு வாங்கியதற்காகவோ நின்றுகொண்டு வாங்கியதற்காகவோ ஒருவருக்கு நற்கருணையை மறுக்கக் கூடாது என்றும் அதே ஆவணம் கூறுகிறது. நோய்த்தொற்றுக் காலத்தில் ஆயர்கள் விதித்த தற்காலிக ஏற்பாட்டை நிரந்தரச் சட்டமாக எண்ணிக்கொண்டவர்கள் பல பங்குகளில் இருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்குச் சுவையாகப் பட்டது சட்டமன்று, அந்தக் கை. இடக்கையை மேலே வைக்கச் சொல்வதற்குக் காரணம் எளியது: மேலிருக்கும் இடக்கையில் அப்பத்தை வாங்கிக்கொண்டு, கீழிருக்கும் வலக்கையால் எடுத்து உட்கொள்ளலாம். சொல்பவருக்கு அது வசதி. கேட்பவரோ, கடையில் சில்லறை வாங்குவதற்குக்கூட இடக்கையை நீட்டினால் தாயிடம் அதட்டு வாங்கி வளர்ந்தவர். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் வலக்கையை நீட்டி, இடக்கையால் அதைத் தாங்கி வாங்குவதே நம் வீடுகளில் மரியாதை. எழுபது ஆண்டுகள் அப்படிப் பழகிய உடம்பு, ஆண்டவரை மட்டும் இடக்கையில் எப்படி வாங்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எருசலேம் ஆயர் புனித சிரிலின் பெயரால் வழங்கும், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மறைக்கல்வி உரைகளில், நற்கருணையைக் கையில் வாங்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. அரசரை வரவேற்கப்போகும் வலக்கைக்கு இடக்கையை அரியணை ஆக்கி, உள்ளங்கையைக் குழித்து வாங்கும்படி அவர் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம் சொல்கிறார். அதாவது வலக்கை மேலே, இடக்கை கீழே. உங்கள் தாயார் சிரிலைப் படித்திருக்க மாட்டார். ஆனாலும் அவர் கை சிரில் சொன்னபடியே இருக்கிறது. ஒரு துணுக்கும் சிந்தக் கூடாது, பொன் துகளைக் கொடுத்தால் எவ்வளவு கவனமாகப் பிடிப்பீர்களோ அதனினும் கவனம் வேண்டும் என்றும் அவர் தொடர்கிறார். ஆகவே வலக்கையில் வாங்குபவர், அந்தக் கையையே வாயருகே கொண்டுபோய், வழங்குபவர் முன்னிலையிலேயே உட்கொண்டு, உள்ளங்கையில் துணுக்கு ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும்.

நான் குருவான புதிதில், கடற்கரை ஊர் ஒன்றின் திருவிழாத் திருப்பலியில், நெரிசலில் என் கையிலிருந்து ஓர் அப்பம் நழுவி மணல் படிந்த தரையில் விழுந்தது. எனக்குக் கை நடுங்கியது. அடுத்ததாக நின்ற மூதாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு முதுகைக் கொடுத்து, இரு கைகளாலும் சேலைத் தலைப்பை வேலிபோல் விரித்துப் பிடித்துக்கொண்டு, நான் குனிந்து அப்பத்தை எடுத்து உட்கொண்டு, கோவில் பிள்ளை கொண்டுவந்த ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார். குருமடத்தில் பல ஆண்டுகள் படித்த எனக்கு வராத நிதானம் அவருக்கு வந்தது. உங்கள் தாயாரிடம், அடுத்த ஞாயிறும் வலக்கையையே நீட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பங்குத் திருவிழாவில் குத்துவிளக்கு ஏற்றி ஆரத்தி எடுக்கிறார்கள். குரு தரையில் நெற்றி பதித்து வணங்குகிறார். பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த எனக்கு இது கத்தோலிக்க வழிபாட்டை அவமதிப்பதாகவே தோன்றுகிறது. முழந்தாளிடுவதுதானே நம் முறை?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: அனுமதி இல்லாமல் யாரோ புகுத்திய புதுமை அன்று இது. இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 1969 ஏப்ரல் 25 அன்று உரோமை பன்னிரண்டு தழுவல்களுக்கு ஒப்புதல் அளித்தது. காலணி கழற்றுதல், தரையில் அமர்தல், முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பி வணங்குதல், பஞ்சாங்கப் பிரணாமம் (நெற்றியும் கைகளும் முழங்கால்களும் தரையில் பட வணங்குதல்), முத்தமிடுவதற்குப் பதிலாக விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுதல், மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு, ஆரத்தி ஆகியன அவற்றுள் அடங்கும். எதை எங்கே கடைப்பிடிப்பது என்பது அந்தந்த ஆயரின் பொறுப்பு. ஒற்றைக் கால் மடக்கி முழந்தாளிடும் வழக்கமே ஐரோப்பிய மன்னர் அவைகளில் இருந்து வந்ததுதான். திருப்பலிக்குள் அது நிலைபெற்றது இடைக்காலத்தின் பிற்பகுதியில்.

ஓரிடத்தில் பக்தியாய் இருப்பது இன்னோரிடத்தில் அருவருப்பாகத் தெரியும் என்பதற்குத் தமிழகத்துத் திருச்சபை வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. பழைய திருமுழுக்குச் சடங்கில் குரு தம் உமிழ்நீரைத் தொட்டுத் திருமுழுக்குப் பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். மாற்கு நற்செய்தியில் இயேசு காதுகேளாதவரைக் குணமாக்கிய நிகழ்ச்சியின் நினைவாக எழுந்த சடங்கு அது. எச்சிலைத் தீட்டாகக் கருதும் நம் மக்களிடையே பணியாற்றிய மதுரை மறைப்பணித்தளத்து இயேசு சபையினர் அதை விட்டுவிட்டார்கள். 1703-இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், அதை விடக் கூடாது என்று 1704-இல் ஆணை பிறப்பித்தார். சர்ச்சை பல பத்தாண்டுகள் நீண்டது. 1969-இல் வெளியான புதிய குழந்தைத் திருமுழுக்குச் சடங்கில் உமிழ்நீர் இல்லை. குரு விரலால் காதையும் வாயையும் தொடுவதோடு சரி.

உங்கள் மனத்தாங்கலில் நியாயமே இல்லை என்று சொல்லவரவில்லை. அப்பத்தையும் கிண்ணத்தையும் குரு உயர்த்தும் எழுந்தேற்ற வேளையில் மௌனமாக எடுக்க வேண்டிய ஆரத்தி, சில இடங்களில் பன்னிரண்டு சிறுமியரின் நடனமாகி, பயிற்றுவித்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்து, கைதட்டலில் முடிவதை நானும் பார்த்திருக்கிறேன். அங்கே குறை தட்டில் இல்லை. பீடத்தை மறந்து மேடையை நினைத்ததில் இருக்கிறது.

கேள்வி: திருமணத் திருப்பலியில் புகைப்படக்காரர்கள் பீடத்தின்மேல் ஏறி நிற்கிறார்களே?
(வாசகர், திருச்சி)

பதில்: ஏறக் கூடாது. திருமணத்துக்கு முன்பே, எங்கே நிற்கலாம், வசீகரத்தின்போதும் (அப்ப இரசத்தின்மேல் குரு இயேசுவின் சொற்களைச் சொல்லும் வேளை) எழுந்தேற்றத்தின்போதும் விளக்கு போடக் கூடாது என்பதைப் பங்குத்தந்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பல படக்காரர்கள் கத்தோலிக்கர் அல்லர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தாலி கட்டும்போது முகம் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள் என்று கேட்பது அவர்கள் தொழில். அதற்காகக் குருவும் திரும்பி நின்று காட்டுவதுதான் எனக்குப் புரியவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்பதில் ஆண்டுதோறும் சண்டை. பூசை நேரத்தில் கைப்பேசி ஒலித்தால் முறைக்கிற பெரியவர்கள் இதில் வாய் திறப்பதில்லை. இது அவமரியாதையில் சேராதா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: சேரும். ஆண்டவரின் விருந்தைத் தகுதியின்றி உண்ணுதல் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பகுதியை (11-ஆம் அதிகாரம்) நாம் பெரும்பாலும் பாவசங்கீர்த்தனத்தோடு மட்டும் சேர்த்துப் படிக்கிறோம். சற்று மேலே படித்தால், அவர் எதைக் கண்டு கொதித்தார் என்பது தெரியும்: ஒருவர் பசியோடு இருக்க, மற்றொருவர் குடித்து மயங்கியிருக்கிறார், இல்லாதவர்களைச் சபை நடுவில் வெட்கப்படுத்துகிறீர்கள் என்கிறார். அப்பத்தை எந்தக் கையில் வாங்கினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்பக் கோவிலைத் தாங்கள் அறிந்திருக்கலாம். 1872-இல் எழுப்பப்பட்ட அந்தக் கோவிலில், பீடத்தில் வந்து கூடும் இரண்டு நீண்ட கூடங்கள். வேளாளருக்கு ஒன்று, நாடார் உள்ளிட்ட மற்றவர்க்கு ஒன்று. குரு பீடத்தில் நின்றால் இரு பக்கத்தாரும் அவரைக் காண்பர். ஒருவரையொருவர் காண மாட்டார்கள். முழந்தாளிடுதல், தூபம், முக்காடு, மௌனம் எல்லாம் அங்கே ஒழுங்காகவே நடந்திருக்கும். 1910-இல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று ஒரு சாரார் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். அவர்களும் நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தாம்.

தங்கள் ஊரில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வழிபாட்டில் நடக்கும் முறைகேட்டைப் பற்றி ஆயரிடம் முறையிட ஒவ்வொரு கத்தோலிக்கருக்கும் உரிமை இருக்கிறது. முதல் பதிலில் குறிப்பிட்ட 2004-ஆம் ஆண்டு அறிவுறுத்தலே அதைச் சொல்கிறது. கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பாகவே எழுதுங்கள். தேர் போகாத தெருக்களின் பெயர்களைக் குறிப்பிடுங்கள். அந்தத் தெருக்காரர்கள் நாலைந்து பேரையும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள். எனக்குப் பெயர் வேண்டாம் என்று எழுதியதுபோல ஆயருக்கு எழுதிவிடாதீர்கள். மொட்டைக் கடிதாசியை ஆயர் இல்லத்தில் யாரும் கோப்பில் வைப்பதில்லை.