ஆமென் சொல்லாதவர் தேசத்துரோகியா?

கேள்வி: எல்லையில் சண்டை மூண்ட வாரம், எதிரி நாடு அழிய வேண்டும் என்று எங்கள் ஆலயத்தில் ஜெபித்தார்கள். நான் ஆமென் சொல்லவில்லை. சபை மூப்பர் ஒருவர் என்னைத் தேசத்துரோகி என்றார். தாம் கைகாட்டும் வேட்பாளருக்கு வாக்களிக்காவிட்டால் கர்த்தரின் கோபம் வரும் என்றும் அவரே சொல்கிறார். போரை ஆதரிக்கும் இந்தப் போலிக் கிறிஸ்தவர்களோடு எப்படித் திருவிருந்தில் பங்குகொள்வது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்றவரின் பெயரால் கூடிய இடத்தில், விளக்கம் சொல்ல வேண்டியவர் அப்படி ஜெபித்தவரே, ஆமென் சொல்லாத நீங்கள் அல்ல. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரி மூப்பரின் பேச்சுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆமென் சொன்னவர்களில், மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு அவன் உயிருக்காக மட்டுமே முழங்காலிட்ட தாயும் இருந்திருக்கலாம். அவரும் போலிதானா?

ரோமர் 13-ஐக் காட்டி அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறவர்கள், மனுஷரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்ற பேதுருவின் மறுமொழியை வசதியாக விட்டுவிடுகிறார்கள். நீங்களோ, தம்மிடம் வந்த போர்ச்சேவகர்களை யோவான்ஸ்நானகன் வேலையை விடச் சொல்லவில்லை என்பதை விட்டுவிடுகிறீர்கள். ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமல், சம்பளமே போதுமென்று இருக்கத்தான் அவர் சொன்னார். 1965-இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம், மனச்சாட்சியின்படி ஆயுதம் ஏந்த மறுப்பவர்களுக்குச் சட்டம் இடம் தர வேண்டும் என்று எழுதிய அதே பகுதியில், நாட்டைக் காக்கும் படைவீரரின் பணியையும் மதித்தே எழுதியது.

நம் மாவட்ட வரலாற்றையே பாருங்கள். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தார். அவர் வழியாகக் கிறிஸ்துவை அறிந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அந்த அரசின் சேவகர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். டிலனாயோ அதன் பிறகும் அரசின் பணியில் நீடித்து, 1777-இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். தேவசகாயத்தைத் திருச்சபை 2022-இல் புனிதராக உயர்த்தியது. டிலனாயை யாரும் உயர்த்தவில்லை, அது நியாயமும்கூட. ஆனாலும், நண்பரைக் கொன்ற அரசின் வாளைக் கீழே வைக்காத அவரை விசுவாசமற்றவர் என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. உங்களுக்கு இருக்கிறதா?

வாக்கு விஷயத்தில் இவ்வளவு யோசிக்க ஒன்றுமில்லை. தெய்வக் கோபத்தைச் சொல்லி வாக்காளரை அச்சுறுத்துவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தகாத செல்வாக்கு என்கிறது. மூப்பர் வேட்பாளரின் சம்மதத்தோடு அப்படிப் பேசியது நிரூபணமானால், வென்ற வேட்பாளர் பதவியையே இழக்க நேரிடும். முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட, தொகுதியின் வாக்காளராகிய உங்களுக்கே உரிமை உண்டு. மூப்பர் மறுபடியும் கர்த்தரின் கோபத்தைப் பற்றிப் பேசினால், இதை அவரிடம் சொல்லுங்கள்.