வாசகர் கேள்வி – பதில்: எந்தப் படகில் ஏறுவது?

மாஸ்க்கும் மூச்சுக்குழலும் அணிந்து, கடல்மட்டத்தில் மிதந்தபடி பவளத்திட்டுகளைப் பார்க்கும் ஸ்நார்கெலிங் பயணங்களைப் பற்றிப் பல கடிதங்கள் ஒரே சமயத்தில் வந்திருப்பதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். அங்கே பவளத்திட்டுகளுக்கு அழைத்துச் செல்லும் படகுகள் ஏராளம். எல்லா விளம்பரங்களிலும் அதே ஆமையும் அதே நீலக் கடலும்தான் இருக்கின்றன. நானும் பத்து வயது மகனும் ஓரளவு நீந்துவோம். மனைவிக்கு நீச்சல் தெரியாது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: குடும்பத்தில் நீச்சலில் யார் கடைசியோ, அவரை மனத்தில் வைத்துத் தேடத் தொடங்குங்கள். உங்கள் கடிதத்தின்படி அது உங்கள் மனைவி. நீந்தத் தெரிந்தவருக்குப் பெரும்பாலும் எந்தப் படகும் ஒத்துவரும். தெரியாதவருக்கோ தண்ணீரில் உடனிருக்கும் வழிகாட்டி ஒருவரும், பற்றிக்கொள்ள வட்ட மிதவையும், திரும்பி ஏறுவதற்கு அகலப் படிகள் கொண்ட ஏணியும் வேண்டும். ஆகவே, படகில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். பயணிகளுடன் எத்தனை வழிகாட்டிகள் தண்ணீரில் இறங்குவார்கள், வேறு வேலை எதையும் பார்க்காமல் மேல்தளத்திலிருந்து அவர்களையே கவனித்துக்கொண்டிருப்பவர் யார் என்று கேளுங்கள். இருபது பேரை ஏற்றிச் சென்று ஒரே ஒரு வழிகாட்டியை இறக்கிவிடும் சிறு படகைவிட, அறுபது பேரை ஏற்றி, அவர்களை நீச்சல் திறனுக்கேற்ப எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒருவரை உடன் அனுப்பும் பெரிய படகு உங்கள் குடும்பத்துக்கு நல்லது. ‘சிறிய குழு’ என்ற விளம்பரச் சொல்லில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, தண்ணீரில் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். ‘நான்கு மணி நேரப் பயணம்’ என்று எழுதியிருக்கும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. உபகரணங்களை வாங்கி அளவு பார்க்கவும் விளக்கம் கேட்கவும் அரை மணி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக அரை மணி. உணவுக்கு அரை மணி. மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதையும் மூன்று இடங்களுக்குப் பங்கிட்டால், மாஸ்க் முகத்தில் சரியாகப் பொருந்தும் நேரத்தில் ‘ஏறுங்கள்’ என்று குரல் வந்துவிடும். மூன்று இடங்கள் காட்டும் படகைவிட, ஒரே நல்ல இடத்தில் ஒரு மணி நேரம் விடும் படகையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் உங்கள் மகனுக்கு அந்த ஒரு மணி நேரம் அதிகமாகலாம். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், 28 டிகிரி நீரிலும் அரை மணிக்குள் குழந்தைகளின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கும். அவன் அளவுக்கு வெட்சூட் எனப்படும், உடல் வெப்பத்தைக் காக்கும் தடித்த நீச்சல் உடுப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படகின் வகையும் முக்கியம். ஸ்பீட் போட் தொலைவான திட்டுகளுக்கு விரைவில் கொண்டுசேர்க்கும். ஆனால் அலை மீது மோதி மோதிச் செல்வதால் முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். இரட்டை உடல் கொண்ட கேட்டமரன் மெதுவாகச் சென்றாலும் அதிகம் ஆடாது. பின்பக்கப் படிகள் தண்ணீர் வரை இறங்குவதால் ஏறுவதும் எளிது. (அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, படகுக்கும் கட்டுமரத்துக்கும் இப்போது தோற்றத்தில் ஒற்றுமை இல்லை.) ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு போன்ற இடங்களில், திட்டின் ஓரத்தில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருக்கும் மிதவை மேடைகளுக்குப் பெரிய கப்பல்கள் செல்கின்றன. மேடையில் படிகளும் தடுப்புக் கயிறும் உண்டு. தண்ணீரில் இறங்க விரும்பாதவர் கீழ்த்தளத்துக் கண்ணாடி வழியாகவே மீன்களைப் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர் ஒருவர் உடன் இருக்கும்போது கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டு அதில் செல்வதே உத்தமம்.

தலை எண்ணும் முறையையும் விசாரியுங்கள். 1998 ஜனவரியில் அதே பெருந்தடுப்புத் திட்டில் ஆழ்கடல் முக்குளிப்புக்குச் சென்ற ஒரு தம்பதி, எண்ணிக்கை தவறியதால் நடுக்கடலில் விடப்பட்டனர். அவர்களுடைய பை படகிலேயே கிடப்பதைக் கண்டு, இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் அவர்கள் திரும்பவில்லை என்பதே தெரியவந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. தலைகளை விரலால் எண்ணுவது போதாது. பட்டியலை வைத்துப் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவரும் தாமே பதில் சொன்ன பிறகு இயந்திரத்தை இயக்கும் படகே ஒழுங்கான படகு.

கேள்வி: எனக்கு 67 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். இளமையில் நன்றாக நீந்தியவன். ஸ்நார்கெலிங் எனக்கு ஆபத்தா? முழு முகத்தையும் மூடும் புதுவகை மாஸ்க் வசதியாக இருக்கும் என்கிறார்களே?

பதில்: உங்கள் மருத்துவரைக் கேட்காமல் செல்லாதீர்கள். ஸ்நார்கெலிங்கை மக்கள் நீச்சலைவிட எளிதாக நினைக்கிறார்கள்; ஆனால் நீரின் அழுத்தம் கைகால்களிலுள்ள இரத்தத்தை மார்புப் பகுதிக்குத் தள்ளுகிறது, குறுகிய குழல் வழியே மூச்சிழுக்கும்போது நுரையீரலுக்குக் கூடுதல் உழைப்பு ஏற்படுகிறது. ஹவாய்த் தீவுகளில் ஸ்நார்கெலிங் மரணங்களை ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, அவற்றில் பலவற்றுக்குத் தண்ணீரை உள்ளிழுத்தது காரணமாக இல்லாமல், நுரையீரலில் திடீரென நீர் கோத்துக்கொண்டதே காரணமாக இருக்கலாம் என்றது. இதய நோய்கள் அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இளமையில் கற்ற நீச்சல் அதிலிருந்து காப்பாற்றாது. முதலில் மூச்சு வாங்கும், பிறகு கைகால் வலுவிழக்கும், அதன்பின் நினைவு தப்பும். கை அடிப்பதோ கூச்சலிடுவதோ பெரும்பாலும் இராது. பக்கத்தில் இருப்பவர்கூட ‘மீன் பார்க்கிறார்’ என்று நினைத்துக்கொள்வார். காரணமின்றி மூச்சு வாங்கினால் உடனே குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திப் படகை அழையுங்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே உங்களுக்கான படகு, ஏறுவதற்கு முன்பே உங்கள் உடல்நிலையை எழுத்தில் கேட்கும் படகு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில விதிமுறை, இப்படிப்பட்ட பயணிகளை முன்கூட்டியே கண்டறிந்து அவர்களுக்கு மிதவை தர வேண்டும் என்கிறது. அந்தப் படிவத்தைக் கண்டு மனம் வருந்தாதீர்கள், உண்மையை எழுதுங்கள். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியும் ஆக்சிஜன் உருளையும் படகில் உள்ளனவா என்பதையும் கேட்கலாம்.

முழுமுக மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரணக் குழலில் தண்ணீர் புகுந்தால் அதைத் துப்பிவிடலாம். முழுமுக மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தாலோ மூச்சு முட்டினாலோ, தலைக்குப் பின்னாலுள்ள பட்டைகளைத் தளர்த்தி முழுவதையும் கழற்றியாக வேண்டும். அந்தப் பதற்றத்தில் அதற்குக் கை வராது.

கேள்வி: காலைப் படகா, பிற்பகல் படகா? பிற்பகலில் கட்டணம் குறைவாக இருக்கிறது.

பதில்: காலைதான். தீவுகளில் பகல் ஏற ஏறக் காற்று வலுத்து, நீரின் மேற்பரப்பு கலைந்துவிடுவது வழக்கம். ஹவாயில் மொலோகினி என்ற பாதி மூழ்கிய எரிமலை வாய்க்குச் செல்லும் படகுகளில் பெரும்பாலானவை விடியற்காலையிலேயே புறப்படுவதற்கு அதுவே காரணம். பிற்பகலில் கட்டணம் குறைவாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

நேரத்தைவிடப் பருவம் முக்கியம். தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்தமான் கடல் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், அந்தப் பக்கத்துச் சிமிலான் தீவுகள் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடியே இருக்கும். நாட்டின் மறுபுறமுள்ள வளைகுடாத் தீவான சமுயியிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. ஒரே நாட்டில், ஒரே நவம்பர் மாதத்தில், ஒரு பக்கம் கண்ணாடி போன்ற நீரும் மறுபக்கம் கலங்கல் நீரும் இருக்கும். நாட்டைப் பார்த்துப் பதிவு செய்யாமல் கரையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு படகில் கொடுத்த மாஸ்க்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்ததால் ஒன்றையும் பார்க்கவில்லை. சொந்தமாக வாங்கிச் செல்ல வேண்டுமா?

பதில்: மாஸ்க்கை மட்டும் வாங்குங்கள், மற்றவை படகிலேயே போதும். ஒருவர் முகத்துக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. கடையில் பட்டையைத் தலையில் மாட்டாமல், மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கையை எடுத்துவிடுங்கள். அது முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்களுடையது. நழுவினால், விலை எவ்வளவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். அடர்ந்த மீசையும், ரப்பர் விளிம்புக்குள் சிக்கும் முன்நெற்றி முடியும் கசிவுக்குக் காரணமாகும். பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது தவறு. அதிகம் இறுக்கினால் விளிம்பு வளைந்து மேலும் கசியும். என் முதல் பயணத்தில் கண்களைச் சுற்றி இரண்டு நாள் அழியாத வளையம் விழுந்ததுதான் மிச்சம்.

கண்ணாடி அணிபவரானால், பார்வைக் குறைபாட்டுக்கேற்ற வில்லை பொருத்திய மாஸ்க்குகள் கிடைக்கின்றன. சில படகுகளில் வாடகைக்கும் உண்டு. நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், குறைந்த அளவு கிட்டப்பார்வை உள்ளவர்கள் அது இல்லாமலேயே சமாளித்துவிடலாம்.

கேள்வி: நாம் செல்வதாலேயே பவளம் அழிகிறது என்கிறார்கள். கெடுதல் செய்யாத படகை அடையாளம் காண்பது எப்படி?

பதில்: அது எங்கே, எப்படி நிற்கிறது என்று பாருங்கள். திட்டின் மேல் நங்கூரம் போடும் படகு, ஒரு நொடியில் பல ஆண்டு வளர்ச்சியை நொறுக்கிவிடும்; உருண்டைப் பவள வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. நல்ல படகு, கடலடியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட மிதவையில் கயிற்றைக் கட்டிக்கொள்ளும். மீன்களுக்கு ரொட்டி போடுவோம், ஆமையைத் தொடலாம் என்று விளம்பரப்படுத்துபவர்களை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். இறங்குவதற்கு முன் தரப்படும் விளக்கத்தில் ‘பவளத்தின் மேல் நிற்காதீர்கள், காலில் மாட்டிய துடுப்பால் உதைக்காதீர்கள்’ என்ற சொற்கள் வருகின்றனவா என்று கவனியுங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ஆதரவுடன் 2004-இல் தொடங்கிய கிரீன் ஃபின்ஸ் என்ற அமைப்புமுறை, ஸ்நார்கெலிங் நிறுவனங்களை 15 விதிகளின்படி நேரில் மதிப்பிடுகிறது. நீங்கள் செல்லும் நாட்டில் அது நடைமுறையில் இருந்தால், அதில் உறுப்பினராக உள்ள நிறுவனங்களின் பட்டியலிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

சன்ஸ்கிரீனைப் பொறுத்தவரை, பலாவு நாடு 2020-இலிருந்தும் ஹவாய் மாநிலம் 2021-இலிருந்தும் பவளத்துக்குக் கேடானவை எனக் கருதப்படும் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற வேதிப்பொருள்கள் கலந்தவற்றின் விற்பனையைத் தடைசெய்துள்ளன. முழுக்கைச் சட்டை அணிந்து இறங்கிவிட்டால் முதுகுக்கு அது தேவையே இல்லை. குப்புற மிதப்பவருக்கு வெயிலில் முதலில் வேகுவது முதுகும் முழங்காலின் பின்பக்கமும்தான்.

கூட்டமும் ஒரு கெடுதலே. தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இப்போது படகுகள் விரிகுடாவுக்குள் நுழைய முடியாது. அந்த இடைவெளியில் கருமுனைத் துடுப்புச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பி வந்தன. எல்லாரும் போகும் புகழ்பெற்ற இடத்தைவிட, படகோட்டி அன்றைய காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பெயர் தெரியாத இடம் பல நேரங்களில் மேலானது. ‘இடம் வானிலையைப் பொறுத்து மாறும்’ என்று எழுதியிருப்பதைக் குறையாக எண்ணாதீர்கள்.

கேள்வி: படகு என்றாலே குமட்டல். வழி உண்டா?

பதில்: மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், தண்ணீரில் இறங்கப்போகிறேன் என்று மருத்துவரிடம் சொல்லியே கேளுங்கள். படகின் நடுப்பகுதியில், காற்றுப் படும் இடத்தில் அமர்ந்து, கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பாருங்கள்.

கேள்வி: பயணத்தன்று காலையில் ‘கடல் சரியில்லை’ என்று ரத்து செய்துவிட்டார்கள். பணத்தைத் தந்துவிட்டார்கள் என்றாலும், மறுநாள் எங்களுக்கு விமானம், ஏமாற்றத்துடன் திரும்பினோம். அதே துறையிலிருந்து வேறொரு படகு அன்று சென்றது. எங்களை ஏமாற்றினார்களா?

பதில்: இல்லை, அடுத்த முறையும் அவர்களிடமே பதிவு செய்யுங்கள். ஒரு நாள் வருமானத்தை இழந்து பணத்தையும் திருப்பித் தந்தவருக்கு உங்களை ஏமாற்றுவதில் ஆதாயம் ஏதுமில்லை. சென்ற படகு பெரியதாக இருந்திருக்கலாம், காற்று மறைவான வேறொரு பக்கத்துக்குப் போயிருக்கலாம், அல்லது போகக் கூடாத நாளில் போயிருக்கலாம்.

நாளைத் தேர்ந்தெடுத்ததில்தான் பிழை. படகுப் பயணத்தை விடுமுறையின் கடைசி நாளுக்கு வைக்கவே கூடாது. சென்று இறங்கிய மறுநாளும் வேண்டாம். நான் மேலே சொன்ன ஹவாய் ஆய்வு, நீண்ட விமானப் பயணத்துக்கும் நுரையீரலில் நீர் கோப்பதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற ஐயத்தில், இரண்டு மூன்று நாள் பொறுத்து இறங்குவது நல்லது என்கிறது. ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் நான்காம் நாள் காலைக்குப் பதிவு செய்து, ரத்தானால் ஐந்தாம் நாளுக்கோ ஆறாம் நாளுக்கோ மாற்றித் தருவீர்களா என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.